பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தவளுக்கு

பூனை வடிவத்தில் தைத்திருந்த மெத்தையின் மேல் கை வைத்ததும் அது குர்ர் என்று அதிர்ந்தது. உள்ளே ஏதோ மோட்டார்தான். ஆனாலும் அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியபோது நீதான் நினைவுக்கு வந்தாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பூனைகளுக்காகவும் அவற்றை வளர்ப்பவர்களுக்காகவும் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் கண்காட்சி வைத்திருந்தார்கள். நம் பூனைக்காக நாம் செய்ததை ஒரு திரையில் எழுதினால், அந்த வரியே பூனையாகி இருட்டுச் சுவரில் நடந்து போகும். கூமாப்பட்டிப் பெரியவர் ஒருவர், "கூரை ஒழுகுன அன்னைக்கு அது படுத்த எடத்துக்குத்தான் மொதல்ல தார்ப்பாய் போட்டேன்" என்று சொல்ல, கல்லூரிப் பெண் எழுதினாள். எழுத்துகள் காதாகி, வாலாகிச் சுவரேறின. அவர் கும்பிட்டார். நாய்க்குப் பேர்போன நம் பக்கத்தில் இத்தனை பூனைக்காரர்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"நீங்களும் எழுதுங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் நாம் சேர்ந்து வேலை பார்த்த காலம். ஒரு மதியம், வண்டி ஏறிக் கால் நசுங்கிய உன் பூனையைத் துணியில் சுற்றிக்கொண்டு ராஜபாளையம் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாய். நானும் கூட வந்தேன்.

"பூனையெல்லாம் ஏத்த முடியாதும்மா" என்றார் கண்டக்டர்.

"அப்ப நாங்க நடந்துக்கிடுதோம்" என்று இறங்கிவிட்டாய்.

'நாங்க' என்றது உன்னையும் பூனையையும். நான் இறங்கவில்லை. வெயிலுக்குப் பயந்தேன், ஒரு பூனைக்காகவா என்றும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். முகமெல்லாம் கன்றிப்போய் வந்து சேர்ந்தாய். என் மேல் உனக்குக் கோபமே இல்லை. "உசுரு இருக்குடி, தொட்டுப் பாரு" என்றாய். ஒரு காலை எடுத்தார்கள். பூனை பிழைத்தது.

நீ இறங்கி நடந்ததைத்தான் திரையில் எழுதினேன். சுவரில் எழுந்த பூனைக்கு நான்கு கால்கள் இருந்தன. தரையிலிருந்து கூரை வரை உயர்ந்து ஓடியது. மண்டபமே அண்ணாந்து பார்த்தது. நானும்தான்.

உனக்கு நோய் முற்றிய நாட்களில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அத மட்டும் பாத்துக்கிடு." நீ போனபின் நான்கு நாள் பூனை சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் என் கையிலிருந்து ஒரு நெத்திலியை வாங்கிக்கொண்டது. இரண்டு வருடமாக என்னோடுதான் இருக்கிறது. மடிக்கு இன்னும் வரவில்லை. ஒரு முழம் தள்ளியே படுக்கிறது. வரும்போது வரட்டும். அது தூங்கி எழும்வரை நான் இடத்தைவிட்டு அசைவதில்லை.