முழுத் தெளிவோடு, என் முன்னிலையில்

அக்கா,

இன்று மதியம் அலுவலகத்தில் ஒருவர் தன் மகளின் சான்றிதழ் நகல்களை என் மேசையில் வைத்தார். முத்திரை மைப்பெட்டியைத் திறந்தேன். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. எனக்கு இன்னும் திடுக்கென்றுதான் இருக்கிறது.

செகந்திராபாத் ரயில்வே காலனியில் கெஜட்டட் ஆபீசர் படும் பாடு பக்கத்து வீட்டிலேயே இருந்த உங்களுக்குத் தெரியாததா? நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில்கூடத் தாள்களை நீட்டுவார்கள். பேசிக்கொண்டே பச்சை மையில் கையெழுத்துப் போடுவேன், பேசிக்கொண்டே முத்திரை குத்துவேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததே இல்லை. "கவர்மென்ட்டு உன் கைக்குத்தான் சம்பளம் குடுக்குது, கண்ணுக்கு இல்ல" என்று கேலி செய்வீர்கள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

நீங்கள் போவதற்கு முந்தைய நவம்பரில் பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழோடு வேறு சில தாள்களும் கொண்டுவந்தீர்கள். கீழ்வீட்டுத் தம்பதி சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். ஏதோ வீட்டுப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் போட்டுத் தள்ளினேன்.

மூளையில் ரத்தம் கசிந்து நீங்கள் விழுந்த பதினோராம் நாள், சுவாசக் கருவியை எடுத்துவிடலாம் என்று உங்கள் மகள் சொன்னாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பெத்த தாயைக் கொல்லப் பாக்குறியா?" என்று தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலிலேயே கத்தினேன். டாக்டர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றைக்கும் குற்றம்தான். ஆனால் தேறாத நிலை வந்தால் கருவியில் வைத்திருக்க வேண்டாம் என்று நோயாளியே முன்கூட்டி எழுதி வைத்திருந்து, இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே பார்த்து ஒப்புக்கொண்டால், அதை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்றார். அக்கா அப்படியெல்லாம் எழுதுகிறவரில்லை என்று அடித்துச் சொன்னேன்.

உங்கள் மகள் பையிலிருந்து தாளை எடுத்தாள். "ஆன்ட்டி, இது உங்க சைன்தானே? ஆன்ட்டிக்கு எல்லாம் தெரியும்னுதானே அம்மா சொன்னாங்க. மீகு தெலீதா?" தெரியாதா என்று கேட்டவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் கையெழுத்தேதான். 'எவருடைய வற்புறுத்தலுமின்றி, விளைவுகளை முழுத் தெளிவோடு உணர்ந்து, என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்ற வாசகத்துக்குக் கீழே பச்சையாக இருந்தது. உங்கள் தெளிவுக்கு நான் சாட்சி. எனக்கோ அதில் இருந்த ஒரு எழுத்துகூடத் தெரியாது.

விஷயம் தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தாளே சந்தேகத்துக்கு ஆளாகும். நீங்கள் எதற்குப் பயந்து எழுதினீர்களோ, அந்தக் குழாய்களோடேயே கிடந்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அப்படித்தானே மூன்று மாதம் கிடந்தார். "ஆமாம், தெரிஞ்சுதான் போட்டேன்" என்றேன். மறுநாள் இரண்டு குழுக்களும் ஒப்புக்கொண்டன. பிற்பகலில் கருவியை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் நீங்களாகவே மூச்சு விட்டீர்கள். பிறகு விடவில்லை.

என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டீர்கள் என்று பல வாரம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் அந்தக் காலை முழுதாக நினைவுக்கு வந்தது. நான் பேனாவைத் திறந்ததும் தாளின்மேல் உள்ளங்கையை வைத்து மறித்தீர்கள்.

"ஒரு தடவ படிச்சிட்டுப் போடும்மா."

"நக்கோ அக்கா, வேணாம், உங்க பேப்பரையும் படிச்சுப் பாக்கணுமா?" என்று உங்கள் கையை விலக்கிவிட்டுப் போட்டேன்.

படித்திருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். என்னை முப்பது வருஷம் அறிந்த உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும்தான் படிக்கச் சொன்னீர்கள்.