போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி

இன்று நம் மகன் வந்து டிரில் மிஷினைக் கேட்டான். டவுனில் அவன் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டுமாம். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் திறந்தேன். பிட் மாட்டும் வாயைக் கீழ்நோக்கித் தட்டியதும் செங்கல் தூள் கொஞ்சம் உள்ளங்கையில் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். நம் வீட்டு நடைச் சுவரின் வாசனை.

"எப்படிப்பா இத்தனை மிஷின்ல இதப் பாத்து எடுத்தீங்க? கடையில நின்னா தலை சுத்துது" என்றான்.

"நான் எடுக்கல. உங்கம்மா எடுத்தது" என்றேன். அவன் நம்பாமல் சிரித்தான். அதனால்தான் உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவனே எழுதுகிறான்.

வாதம் வந்து உன் வலப்பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாட்கள் நினைவிருக்கிறதா? இடது கையும் இடது காலும் மட்டும் பழைய நீயாக இருந்தன. நான் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் டிரில்லராக வடநாடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தபோது காடு, மாடு, பிள்ளை என்று எல்லாவற்றையும் ஒருத்தியாகத் தாங்கியவள் நீ. ஊருக்கு வரும்போதெல்லாம் நான் இந்த வீட்டுக்கு விருந்தாளி. உன்னை யாரும் ஒரு வேலைக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டதாக எனக்கு நினைவே இல்லை. அப்படிப்பட்டவளை நான் கக்கத்தில் கைகொடுத்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

நீ அழவில்லை, சண்டை போடவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாய். தலைமாட்டில் வைத்த சொம்பு அப்படியே நிறைந்திருக்கும். கேட்டால், "தாகமில்லீங்க" என்பாய். ஊர் ஊராகப் பாறையைக் குடைந்து தண்ணீர் காட்டியவன் வீட்டில் நீ நாக்கு வறண்டு படுத்திருந்தாய். ஒரு தடவை பாத்ரூம் போவது மிச்சமாகட்டும் என்று.

மகனும் பார்த்தான். "ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க. அம்மாவப் பாத்துக்க ஒரு ஆளப் போட்டுக்கலாம்" என்றான்.

"ஆளு எதுக்கு சாமி, என்னையத் தூக்கறதுக்கா? உங்கப்பன் தூக்கறதே எனக்குப் புடிக்கல" என்றாய்.

போர் வண்டியில் மழை நாளில் மேலே ஏறும்போது வழுக்காமல் இருக்கப் பிடித்துக்கொள்ளும் கம்பி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சுவரோடு அப்படி ஒரு கம்பி இருந்தால்? சொன்னதும் நீ எழுந்து உட்கார்ந்தாய். "ஆளக் கூப்புடாதீங்க. நீங்களே போடுங்க. கடைக்கு நானும் வாரேன்."

சங்ககிரியில் டூல்ஸ் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தினோம். உன்னால் இறங்க முடியாது. கடைக்காரர் நல்ல மனிதர். மிஷின்களை ஒவ்வொன்றாக ஆட்டோவுக்கே கொண்டுவந்து காட்டினார். மகன் போனில் பேட்டரி மிஷினைத்தான் வாங்கச் சொல்லியிருந்தான். நீ அதைப் பார்த்து, "நடை முச்சூடும் ஓட்டை போடோணும். பாதியில இது படுத்துக்கிச்சுன்னா?" என்று கேட்டாய்.

"சார்ஜ் ஏறுற வரைக்கும் உக்காந்திருக்கோணுமுங்கம்மா. ஒயர் வெச்சதுன்னா கரண்டு இருக்கற வரைக்கும் ஓடும்" என்றார் அவர்.

ஒயர் வைத்ததே போதும் என்று முடிவானது. எனக்கு அதிலும் பெரியதுதான் வேண்டும். கான்கிரீட்டையே துளைக்கும் ஹேமர் மிஷினைக் கையில் எடுத்துவிட்டேன். ஆயிரம் அடி இறக்கியவன் பொம்மை மிஷின் வாங்கினேன் என்று ஊரில் சொல்லவா?

"ஏனுங்க, நடையில போர் போடப் போறீங்களா? அதத் தூக்கித் தோளுக்கு நேரா நீட்டிப் புடிங்க, பாக்கலாம்."

பிடித்தேன். கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். நீ அவர் பேச்சைக் கேட்கவில்லை, மிஷினையும் பார்க்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது ஆடத் தொடங்கியதும், "அதக் குடுத்துருங்க. அந்தச் சின்னதப் புடிங்க" என்றாய். சின்னதைப் பிடித்தேன். கை ஆடவில்லை.

"எங்க ஊடு செங்கல் செவுருங்க. இது போதுமுங்களா?"

"தாராளமாப் போதுமுங்கம்மா. வேணுங்கறப்ப அடிச்சுத் துளைக்கறதுக்கு இதுலயே சுவிச்சு இருக்குது. பெருசப் போட்டா செங்கல்லுல ஓட்டை அகண்டுரும், ஸ்க்ரூ முடுக்கற பிளக் லூசாயிரும்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று என்னைப் பார்த்தாய். ஆட்டோக்காரன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான் மகனே, மிஷின் வாங்கிய கதை. பிடிக்கிறவன் கையைப் பார்த்து வாங்கியது.

மறுநாள் நீ நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தாய். நான் சுவரில் டேப்பைப் பிடித்தேன். "செவுத்த எதுக்கு அளக்கறீங்க? இங்க பாருங்க" என்று இடது கையை நீட்டினாய். கை தானாகப் போய் நின்ற இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டேன். செங்கல்லும் செங்கல்லும் சேரும் இடத்தை விட்டு, நடுச் செங்கல்லாகப் பார்த்துத் துளைத்தேன். ஒயர் உன் காலில் தட்டக் கூடாதென்று தோளில் சுற்றிக்கொண்டேன். நடை முழுக்கச் சிவப்புத் தூள், உன் தலையிலும். ஸ்க்ரூ முறுக்கிக் கம்பியை மாட்டி முடித்து, என் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

நீ எழுந்தாய். இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்து பாத்ரூம் வாசல் வரை போய்விட்டாய். அங்கே நின்று திரும்பினாய். திரும்பியதும் கம்பி உன் வலப்பக்கம் வந்துவிட்டது, தொங்கும் கையின் பக்கம்.

"போர்ல எறக்குன ராடு அதே வழியா மேல வந்துரும். நான் எப்படி வாரது? போறதுக்குப் போட்டீங்க, திரும்பி வாரதுக்கு?"

சுவரில் சாய்ந்துகொண்டு நீ சிரித்த சிரிப்பு! வாதம் வந்த பிறகு அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அன்று மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாய். அதுதான் கடைசி. அடுத்த நாள் எதிர்ச் சுவரிலும் கம்பி போட்டேன். பாத்ரூமுக்குள்ளும் இரண்டு பக்கமும் போட்டேன். டைல்ஸில் மட்டும் அடிக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு மெதுவாக விடச் சொல்லிக் கடைக்காரர் எச்சரித்திருந்தார். பாறையை அடித்தே பழகிய கைக்கு அந்தப் பொறுமை கஷ்டம்தான். ஒரு டைல்ஸ்கூடக் கீறவில்லை.

எல்லாம் முடிந்ததும் நீ சொம்பை எடுத்து, வாய் வைக்காமல் அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாய். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாய். நான் பின்னாலேயே வந்தேன். நீ உள்ளே போனாய், கதவைச் சாத்தினாய், தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து நம் வீட்டில் அந்தத் தாழ்ப்பாள் விழவே இல்லை. எத்தனையோ ஊரில் பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கும்போது சுற்றி நின்றவர்கள் கைதட்டிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இந்தச் சத்தம்தான் பெரிது.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏனுங்க, அங்கயே நிக்காதீங்க. போயி வேலையப் பாருங்க."

மகன் எழுதுவதை நிறுத்திவிட்டு நடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். எழுதுடா சாமி, இன்னும் கொஞ்சம்தான்.

நீ போன அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். "படுத்த படுக்கையா இருந்தாங்களோ? நீங்கதான் எல்லாம் பாத்தீங்களோ?" எனக்கு அழுகை வர வேண்டிய நேரம். ஆனால் முதுகு தானாக நிமிர்ந்தது. இப்போதும் யார் கேட்டாலும் அதே பதில்தான்:

"இல்லீங்க. கடைசி நாள் வரைக்கும் அவளாத்தான் போனா, அவளாத்தான் வந்தா."