விற்ற வீட்டில் நாற்காலி போட்டவன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். புது வீடு எந்த அளவுக்கு வந்திருக்கு என்று நீ கேட்டாய், நான் ஜோராக வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன், பக்கத்தில் நின்ற உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் முழுவதும் படி, படித்த பிறகு திட்டு.

முதலில் ஒரு விஷயம். நாங்கள் இப்போது பழைய வீட்டில் இல்லை. புது வீட்டில் இருக்கிறோம். குடிபோய்விட்டார்கள் என்று சந்தோஷப்படாதே, இதற்கு இன்னும் கதவு இல்லை, ஜன்னல் இல்லை, தரை இல்லை. வாசலில் அம்மாவின் பழைய பெட்ஷீட் தொங்குகிறது, ஜன்னல் ஓட்டைகளில் சிமெண்டு சாக்கைக் கட்டியிருக்கிறோம், காற்று அடித்தால் அது படபடவென்று அடித்துக்கொள்கிறது, அம்மா தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். மேஸ்திரி காலையில் வேலைக்கு வந்தால் நாங்கள் கட்டிலை இழுத்துக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறோம். இப்படி அவசரமாக ஏன் வந்தோம் என்பதைத்தான் எழுத வேண்டும், அதற்குத்தான் பேனா நகர மாட்டேன் என்கிறது.

நம் வீட்டை வாங்கிய எலக்ட்ரீஷியன் தம்பியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவரும் மனைவியும் தங்கமானவர்கள். அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார், சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. தம்பியுடைய அப்பா, பெரியவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலியில்தான் வாசம். அவர்கள் குடியிருந்தது மாடி வீடு, அவரைப் படியில் இறக்கி ஏற்ற முடியாமல்தான் கீழ்த்தள வீடாகத் தேடி நம்முடையதை வாங்கினார்கள். பதிவு முடிந்த அன்றே நாம் காலி செய்திருக்க வேண்டும். புது வீடு முடியவில்லை என்று நான் இழுத்தபோது அந்தத் தம்பி, நீங்க நிதானமா போங்க சார், பின்பக்க அறைல இருங்க, நாங்க முன்பக்கம் இருந்துக்கறோம் என்று சொன்னார். யார் சொல்வார்கள் இந்தக் காலத்தில். சொன்னவரிடம் நான் நடந்துகொண்ட லட்சணத்தைக் கேள்.

விற்றவன் விருந்தாளி மாதிரி இருக்க வேண்டுமா இல்லையா. நான் இருக்கவில்லை. அவர்கள் குழாயைச் சரியாக மூடவில்லை என்று போய் மூடினேன். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் எலக்ட்ரீஷியன் வீட்டிலேயே நான் போய் அணைத்தேன். அந்தப் பெண் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் சுவர் விண்டுபோகும்மா என்று பாடம் நடத்தினேன். ராத்திரி கேட்டைப் பூட்டுவதும் நான், காலையில் திறப்பதும் நான். உன் அம்மா எத்தனையோ முறை ஜாடை காட்டினாள், வாயாலும் சொன்னாள், அது இப்ப அவங்க வீடு, உங்களுக்கு எந்தக் கணக்குல பாத்தாலும் அங்க அதிகாரம் இல்லன்னு. எனக்கா தெரியாது. சர்வே ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து இது உன்னுது அது அவனுது என்று சொன்னவன் நான். விற்ற நிலத்தைச் சுற்றிச் சுற்றி வருபவர்களை எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன், அழுதா எல்லை நகருமாய்யா என்று கேட்டிருக்கிறேன். ஆபீசில் எனக்கு எல்லைக்கல் என்று பட்டப்பெயர் வைத்திருந்ததை நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே. அந்தக் கல்தான் இப்படி அடுத்தவர் இடத்தில் போய் நட்டுக்கொண்டு நின்றது.

பெரியவருக்கு உன் அறையைக் கொடுத்திருந்தார்கள். குளியலறைக்குப் பக்கம் என்று. நீ பத்தாவது படிக்கும்போது ஹாலைத் தடுத்துச் சுவர் எழுப்பி நானே செய்து கொடுத்த அறை, உன் மேஜையும் கட்டிலும் அடங்க வேண்டும் என்று கதவுக்கு இடத்தைக் குறைத்துவிட்டேன், பழைய சாமான் கடையில் ஒடுங்கலாக ஒரு கதவு கிடைத்தது, அதையே மாட்டினேன். நீ முழங்கையை அதில் இடித்துக்கொள்ளாத நாள் உண்டா. சக்கர நாற்காலி அதில் நுழையவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் தம்பி தன் அப்பாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி வெளியே வருவார். பெரியவர் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். இதை நான் தினமும் என் கண்ணால் பார்த்தேன் பாப்பா. பார்த்துவிட்டுத்தான் அந்தக் காரியம் செய்தேன்.

ஒரு நாள் காலையில் கொத்தனார் ஒருவர் உளியும் சுத்தியலுமாக வந்தார். அந்த ஒடுங்கின கதவு நிலையைப் பெயர்த்துவிட்டு வழியை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு என்ன வந்ததோ, ஹாலில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் பொண்ணு ரூம், நாங்க இங்க இருக்கற வரைக்கும் அவளைக் கேக்காம யாரும் கை வைக்கக் கூடாது, அவ சொல்லியிருக்கா என்று சொன்னேன். நீ அப்படிச் சொன்னதே இல்லை. இந்த வீட்டை வித்தா முதல்ல இந்தக் கதவை ஒடைக்கணும்ப்பா என்று சொன்னவள் நீ. உன் வாயில் இல்லாத வார்த்தையை எடுத்து வைத்துப் பொய் சொன்னேன், அதற்கு உன்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் இதுவும் பெரிதில்லை. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாக, அப்பாவோட சேர் நுழைய மாட்டேங்குது சார் என்று சொன்னார். அதற்கு நான் சொன்னது இது:

“அவருக்காகவா செவுத்தை இடிக்கப் போறீங்க? அவர் இன்னும் எத்தனை நாளைக்கு?”

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். பெரியவர் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் கட்டிலில் படுத்திருந்தார். காது நன்றாகக் கேட்கும் மனுஷன். தம்பியின் முகம் கறுத்துப்போனது, ஆனால் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கொத்தனாரிடம் இன்னொரு நாள் சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். கொத்தனார் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார் பார், அந்த மாதிரி என்னை யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி உள்ளே போய்ப் பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் நாற்காலியை நகர்த்தி வழி விட்டேன். அன்றைக்குப் பெரியவர் கண்ணை மூடவில்லை.

உன் அம்மா அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்தாள். எங்கே என்று கேட்டேன். கதவில்லாத வீட்டுல இருந்துக்கறேன், இவங்க மூஞ்சில முழிச்சுக்கிட்டு இனிமே ஒரு வேளை சோறு எறங்காது எனக்கு, நீங்க அந்த நாற்காலியிலயே உக்காந்திருங்க என்றாள். மறுநாளே கிளம்பினோம். இதில் கொடுமை என்ன தெரியுமா, கட்டிலை ஏற்ற வண்டி பிடித்தது அந்தத் தம்பி. அன்று சாயங்காலமே வேலை முடித்து இங்கே வந்து, நான் கேட்காமலேயே ஒயர் இழுத்து, இரண்டு பல்பு மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். மேலே நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்னை அவர் நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன், அதற்கும் வழி வைக்கவில்லை.

இங்கே வந்த பிறகு இன்னொரு கூத்து. மேஸ்திரி அறைகளுக்கு நிலை வைக்க ஆரம்பித்தார். அம்மா ஒரு நிலைக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பார்த்தாள், இரண்டு முழங்கையும் இடித்தது. இதுவும் அதே அளவா என்று கேட்டாள். அதே அளவுதான். பழைய வீட்டு அளவைத்தான் நான் எழுதிக் கொடுத்திருந்தேன், நம் வீட்டில் என்ன குறை என்கிற திமிரில். நமக்கு மட்டும் வயசாகாதா, என்னை யார் தூக்குவா, நீங்களா என்று கேட்டாள். என்னால் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லா நிலையையும் எடுத்துவிட்டு அகலமாக வைக்கச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, சார், ஒங்களுக்கு வீடு கட்டறதை விட இடிக்கறதுதான் ரொம்பப் புடிக்குது என்றார். மற்ற நாளாக இருந்தால் அவரை ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு டேப்பின் ஒரு முனையை நானே பிடித்துக் கொடுத்தேன். வீடு தள்ளிப்போவதற்குக் காரணம் இதுதான், மேஸ்திரியைக் குறை சொல்லாதே.

பெரியவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் சட்டையை மாட்டுவேன், தினமும் கழற்றுவேன். கடைசியில் அம்மாதான் சொன்னாள், பழம் கிழம் வாங்கிட்டுப் போய் மழுப்பாதீங்க, வெறுங்கையோட போங்க, போய் நேரா அவர்கிட்ட சொல்லுங்கன்னு. நேற்று முன்தினம் போனேன். கேட்டுக்குள் கையை விட்டு உள்தாழ்ப்பாளை நகர்த்தும் வித்தை நமக்குத்தான் தெரியுமே, கை தானாகப் போய்விட்டது. கையை வெளியே எடுத்துக்கொண்டேன். பெல்லை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. நம் வீட்டு பெல்லை நான் என்றைக்குப் பாப்பா வெளியிலிருந்து அழுத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் உங்க வீட்டு பெல் அடிக்கவே மாட்டேங்குது என்று குறை சொல்வார்கள், நான் அழுத்தத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். மறுபடி அழுத்திப் பிடித்தேன், உள்ளே அடித்தது. கேட்டைத் திறக்க யாராவது வரட்டும் என்று வேற்று ஆள் மாதிரி நின்றேன். வேற்று ஆள்தானே.

உள்ளே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. நாற்காலியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு வந்து கேட்டைத் திறந்தது பெரியவர். தூக்க ஆள் இல்லாமல், அறையிலிருந்து அவராகவே வந்திருக்கிறார். வழியெல்லாம் கட்டி வைத்திருந்த பேச்சை, அன்னிக்கு நான் என்று ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் அவரே பேசினார். அவருக்கு ஒரு பக்கம் வாய் கொஞ்சம் கோணியிருப்பதால் நிதானமாகத்தான் பேசுவார்.

“எத்தனை நாளைக்குன்னு கேட்டீங்களே சார், டாக்டர்கிட்ட நானும் அதைத்தான் கேட்டேன். அவருக்கும் தெரியலையாம்.”

சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எனக்கு வழி விட்டார்.

“உள்ள வாங்க. உள்ள எடம் இருக்கு.”

பஸ்ஸில் படியில் தொங்குகிறவனைக் கூப்பிடுகிற குரல் பாப்பா. ஆயுசு முழுக்கக் கூப்பிட்ட குரல். நான் அங்கேயே உடைந்துவிட்டேன். கிழவன் ஒருவன் இன்னொரு கிழவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அழுததைத் தெருவில் யார் பார்த்தார்கள் என்று தெரியாது, பார்த்திருக்கட்டும். மன்னிச்சிடுங்க என்று சொன்னேன், உன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் விட்டுத்தள்ளுங்க என்றெல்லாம் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அகலப்படுத்தியிருந்த உன் அறை வாசலில் நாற்காலியை உள்ளே கொண்டுபோய், திருப்பி, வெளியே கொண்டுவந்து எனக்குக் காட்டினார், இன்னொரு தடவையும் காட்டினார். ஓரத்தில் சிமெண்டுப் பூச்சு இன்னும் காயவில்லை. அறைக்கு நன்றாக வெளிச்சம் வருகிறது. அவ்வளவு வெளிச்சம் வரும் என்று தெரிந்திருந்தால் உனக்கே அப்படிச் செய்து கொடுத்திருப்பேன்.

அம்மாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை, எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள். என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள், இப்போதைக்கு இரண்டு இரண்டு வார்த்தையாக. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டாதே என்று எழுத நினைத்தேன், வேண்டாம், காட்டு. அவரிடம் பெரிய மனுஷன் மாதிரி நிறைய அறிவுரை சொல்லியிருக்கிறேன், இதையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஜன்னலுக்கு என்று நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம், வேலை ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருக்கிறது. குட்டிப் பயலை வெறுங்காலோடு விடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், யார் முகத்தையும் நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. வரும்போது அந்த வீட்டுக்கும் போக வேண்டும், பெரியவர் உன்னைப் பார்க்க வேண்டும் என்றார். பழைய பழக்கத்தில் கேட்டுக்குள் கையை விட்டுத் திறந்துகொண்டு போய்விடாதே. வெளியில் நின்று பெல் அடி. ஒரு தடவைக்குக் கேட்காது, அழுத்திப் பிடிக்க வேண்டும்.

என்றும் உன் நலம் கோரும்,
அப்பா