ஆர்வில் மேல் போட்ட பழி

அன்புள்ள இன்கிரிட்டுக்கு,

இன்று மதியம் வரை அந்த வரி நீக்கப்படவில்லை. கல்லூரி நூலகக் கணினியில் நானே பார்த்தேன். மற்றபடி நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இது அவளே சொன்னது, மருத்துவர் இன்னும் உறுதி செய்யவில்லை. அலாஸ்கா குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள் அப்பா, கல்லூரியில் முதியவர்களுக்கு இலவசமாம், எழுத்து வகுப்பில் சேருங்கள் என்று சொன்னவள் நீதான், ஆகவே இதையெல்லாம் நீ படித்தே ஆக வேண்டும். எங்கள் ஆசிரியை மிஸ் ப்ரிடி இந்தப் பருவம் முழுக்க இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறாள். நம்மூர்க் காகித ஆலையின் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். மூன்று பேரைப் பலிகொண்ட கொதிகலன் வெடிப்பு, அந்த மூவரில் ஒருவனான கொதிகலன் தொழிலாளி ஆர்வில் டெஸ்மரின் கவனக்குறைவால் நடந்தது என்று அதில் ஒரு வரி. ஆதாரம், ஆலை தன் நூற்றாண்டு விழாவுக்குத் தானே அச்சடித்து இலவசமாகக் கொடுத்த புத்தகம். விசாரணையில் பத்திரிகை நிருபனாக உட்கார்ந்து கேட்டு எழுதியவன் நான். ஆவியை வெளியேற்றும் வால்வு இறுகிக் கிடந்தது, ஆர்வில் முன்பே மேலாளரிடம் முறையிட்டிருந்தான். ஆனால் நம் பத்திரிகையை மூடியபோது பழைய இதழ்களைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள், உனக்குத் தெரியும்.

பழக்கதோஷம், தொலைபேசியை எடுத்தேன். வெடிப்பை விசாரித்த அன்றைய அரசு ஆய்வாளர், மாநிலத் தலைநகர் மேடிசனில் இன்னும் உயிரோடிருக்கிறார். “ஆர்வில் மேல ஒரு தப்பும் இல்லன்னு அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேனேய்யா, இன்னும் என்ன தோண்டுற?” என்று எரிந்து விழுந்தார். அதை எழுதி, ஆதாரம் என்ற இடத்தில் ‘தொலைபேசி உரையாடல், செவ்வாய்க்கிழமை’ என்று போட்டேன். காபி ஆறுவதற்குள் அந்தத் தளத்தில் பனிக்கரடி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு முகமற்ற பிறவி அதை அழித்துவிட்டது. சொந்த விசாரணைக்கு இங்கே இடமில்லையாம், அச்சில் வந்தது வேண்டுமாம். விசாரித்தவன் வாயால் சொன்னால் செல்லாது, தப்பிக்க வேண்டியவன் அச்சடித்துக் கொடுத்தால் செல்லும். மிஸ் ப்ரிடி வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ மிஸ்டர் ஹாகன், நெஜமாவே போன் போட்டா கேட்டீங்க?” என்றாள். வகுப்பே சிரித்தது. பொரித்த பாலாடைக்கட்டியைப் பற்றி நான்கு பத்தி எழுதியவனுக்கு அன்று பாராட்டு. இந்த அனுபவம் உங்களுக்குள் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்று ஒரு கட்டுரை வேறு எழுத வேண்டும். அருவருப்பு என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் விரிவாக எழுதுங்கள் என்று திருப்பித் தந்தாள்.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். வெடிப்பில் இறந்தவர்களுக்குத் தேவாலய வாசலில் பெயர் வெட்டிய நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். அதற்கான குழுத் தலைவன் டுவேன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஆர்வில் பெயர் வேண்டாமே என்கிறான். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவனைப் பிடித்தேன். “என்ன பண்றது வால்ட், அதுலயே போட்டிருக்கே” என்றான், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆர்வில் சவப்பெட்டியின் ஒரு முனையைத் தோளில் சுமந்தவன் இவன். அடுத்த மேசையிலிருந்து ஆர்வில் மனைவி டெலோரஸ், “அவர விடு வால்ட், என் புருசன் யாருன்னு போன்ல பாத்துச் சொல்லட்டும்” என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, “ரெண்டு பேரு மட்டும் வெட்டுன கல்லத் தாண்டி நான் கோயிலுக்குள்ள போக மாட்டேன்” என்றாள். அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்கள் ஏதாவது படித்துச் சொன்னால், யார் சொன்னது என்று கேள். எங்கே போட்டிருக்கிறது என்று கேட்காதே. டெலோரஸுக்கு இரண்டு வரி எழுதிப் போடு, மறந்துவிடாதே. ஆய்வாளர் அறிக்கையின் நகலை மாநில ஆவணக் காப்பகம் வியாழக்கிழமைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது. பனிக்கரடி அதை ஏற்குமா என்று தெரியாது. கல் வெட்டுபவரிடம் பெயர்களைக் கொடுக்கும் கூட்டம் சனிக்கிழமை காலை. பனிக்கரடி ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நான் அங்கே இருப்பேன்.

என்றும் அன்புடன்,
அப்பா
வால்டர் ஹாகன்