இருபத்திரண்டுதான், அண்ணி

என் பிரியமான அண்ணிக்கு,

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் அதிகம். அழுகையெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பாதிச் சண்டையில் யாராவது எழுந்து போவார்களா?

அரசு வேலைத் தேர்வுக்கு நாம் சேர்ந்து படித்தோம். பட்டுப்புழுக்களுக்குத் தழை போட்டுக்கொண்டே ஒருவர் கேள்வி கேட்பதும் மற்றவர் பதில் சொல்வதும் நம் வழக்கம். அன்றைக்கு வந்தது கடிகாரக் கணக்கு. ஒரு நாளில் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் எத்தனை முறை ஒன்றன்மேல் ஒன்று வரும்? மணிக்கு ஒருமுறை, ஆக இருபத்து நான்கு என்றேன் நான். நீங்கள் இருபத்திரண்டு என்றீர்கள்.

பெரிய முள் நிமிடத்துக்கு ஆறு டிகிரி போகிறது, சின்ன முள் அரை டிகிரி. அதுவும் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒருமுறை பிடித்த முள்ளை மறுபடி பிடிக்க அறுபத்தைந்து நிமிடத்துக்கும் மேல் ஆகும் என்று பொறுமையாகத்தான் சொன்னீர்கள். நான்தான் பி.எஸ்சி. படித்தவளாயிற்றே, கேட்பேனா?

"பத்தாவதுல கணக்குல ரெண்டு தடவ ஃபெயிலானவங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்றேன்.

உங்கள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும், "ஞாயித்துக்கெழம கடியாரத்தக் கழட்டி வச்சு எண்ணிப் பாக்கலாம், மலரு" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். செவ்வாய்க்கிழமை இல்லாமலே போனீர்கள். மூன்று நாள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு மல்பெரி வெட்டப் போனது ஏன் அண்ணி? புழு கூடு கட்டப்போகும் நேரத்தில் படுத்தால் யார் பார்ப்பது என்றா? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. சொல்லும்படி நான் நடந்துகொண்டேனா?

காரியம் முடிந்த மறுவாரம் ஹால் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் இருக்கும் திருகைத் திருகித் திருகி விரல் நொந்தது. முதல்முறை இருபத்து மூன்று வந்தது. தொடக்கத்துப் பன்னிரண்டையும் முடிவுப் பன்னிரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். என் படிப்பின் லட்சணம் இது. பன்னிரண்டரையில் தொடங்கி மறுபடி திருகி எண்ணி முடித்தேன்.

அண்ணன் உள்ளே வந்து பார்த்துக் கொதித்துப் போனார். "அவ போயி மாசம் ஆவல, கடியாரத்த வச்சு வெளையாடறயா?" என்றார். ஏற்கெனவே, வீட்டையும் புழுவையும் யார் பார்ப்பது, தேர்வை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டிருப்பவர். நடந்ததையெல்லாம் சொன்னேன், நான் பேசிய பேச்சு உட்பட. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவ எத்தன சொன்னா?"

"இருவத்திரண்டுங்ண்ணா."

"உனக்கு எத்தன வந்துச்சு?"

"இருவத்திரண்டு."

அவர் கடிகாரத்தை வாங்கி, நேரத்தைக்கூடச் சரிசெய்யாமல் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் அவரே தழை வெட்டிப் போட்டிருந்தார். தேர்வை விடச் சொல்லி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை தேர்வு. உங்கள் ஹால் டிக்கெட்டும் வந்திருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். தேர்வுக்குப் போவேன். யார் இந்தக் கணக்கைக் கேட்டாலும் எங்கள் அண்ணி சொல்லிக் கொடுத்தது என்றுதான் சொல்வேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன், அண்ணி.

சண்டையில் தோற்ற உங்கள் நாத்தனார்,
மலர்