காதர் பையில் போன பீஸ்கட்டைகள்

என் உயிர் மச்சான் காதருக்கு,

நேற்று உன் நாற்பதாம் நாள் ஓதினார்கள். பிரியாணி பிரமாதம். உப்புதான் கொஞ்சம் தூக்கல். நீ இருந்திருந்தால் சமையல்காரரிடம் சண்டைக்குப் போயிருப்பாய்.

செங்கல்பட்டில் ஓடு செய்யும் கம்பெனியில் நாம் மெயின்டனன்ஸ் வேலை பழகிய எழுபதுகளை நினைத்துக்கொண்டேன். முதல் பாடம் ஞாபகமிருக்கிறதா? மெஷினில் கை வைக்குமுன், கரண்ட் வராமலிருக்க மூன்று பீஸ்கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள். வேலை முடியும்வரை யாரிடமும் கொடுக்காதே. மற்ற பாடங்களில் எல்லாம் நீ முட்டை.

அன்று மண் பிசையும் மெஷினில் அடைப்பு. நீ பீஸைப் பிடுங்கினாய். நான் தோள்வரை கையை உள்ளே விட்டுச் சுரண்டினேன். திடீரென்று உனக்கு மாமா வீட்டுக் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. "டீ குடிச்சிட்டு வந்துர்றேன் மச்சான்" என்று சைக்கிளை எடுத்தவன், நேராகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தாய்.

சுவிட்சுப் பலகை சுவருக்கு அந்தப் பக்கம். நான் உள்ளே கை விட்டிருப்பது ஃபோர்மேனுக்குத் தெரியாது. பட்டனை அமுக்கும் சத்தம் 'டக்' என்று கேட்டது. கையை உருவப் பார்த்தேன், களிமண் விடவில்லை. இன்னும் நான்கு தடவை டக், டக். மெஷின் ஓடவில்லை. உடம்பெல்லாம் களிமண்ணாக இருந்ததால் என் காக்கி டிராயர் நனைந்தது யாருக்கும் தெரியவில்லை.

"எவன்டா பீஸ புடுங்கினு போனது?" என்று பலகையைப் பார்த்து ஃபோர்மேன் கத்தினார்.

வாட்ச்மேன் உன்னைப் பந்தியிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார். கையில் பிரியாணிப் பொட்டலம் வேறு!

"லோடு நிக்குது, நீ துன்னுகினு கீறியா? நாளைலேர்ந்து வராத!" என்று ஃபோர்மேன் குதித்தார். "எத்தினி வாட்டி பட்டன அமுக்கினேன் தெரியுமா?"

"அஞ்சு வாட்டி சார்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "இது உள்ள இருந்துச்சு."

அவர் அப்படியே மண்குவியலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பொட்டலத்தப் பிரி" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம். உன் வேலையும் தப்பியது.

தெரிந்துதான் பீஸை எடுத்துப் போனாயா மச்சான், இல்லை மறதியா? எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்! "நீ உள்ள கீறப்போ நான் எப்டி வச்சிட்டுப் போவேன்?" என்பாய். அப்போது நீ வைத்துக்கொள்ளும் அப்பாவி முகத்தை நான் நம்பியதே இல்லை.

இப்போது என் பேத்திக்கும் இதே உத்தியோகம். பீஸைப் பிடுங்குவதற்குப் பதில் சுவிட்சையே அணைத்துச் சிவப்புப் பூட்டுப் போடுகிறார்கள், சாவி அவளிடம். உன் கதையைச் சொன்னால், "வேலை முடியாம எடத்த விட்டுப் போனதே தப்பு தாத்தா" என்கிறாள். கேட்டுக்கொள்.

நேற்று அந்த வலது கையால்தான் சாப்பிட்டேன். பாதியில் அழுதுவிட்டேன். இனி உன்னை அந்தக் கேள்வி கேட்க மாட்டேன். தெரிந்துதான் எடுத்துப் போனாய் என்றே எல்லாரிடமும் சொல்வேன். சத்தியம்.

பெண் கொடுக்காமல், எடுக்காமல் ஆன
உன் மச்சான்,
சேகர்