மூன்று மணி நேரத்துக்கு நாலு கட்டை

சரவணம்பட்டி,
12.11.2024

ஏனுங்க,

நலம்தானே? போனில் பேச ஆரம்பித்தால் நான் அழுகிறேன், நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன குளிர்காலம் முழுக்க அந்த அமெரிக்கப் பனியில், வெர்மான்ட் வீட்டில் நான் என்ன செய்தேன்? மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, விறகு உலையில் நாலு கட்டை போட்டேன். பக்கத்திலேயே கரண்ட் ஹீட்டர் இருந்தது. அதன் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு, “அது ஆத்திர அவசரத்துக்கு” என்றீர்கள். எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடித்த அன்றும் உங்களுக்கு அது அவசரமாகப் படவில்லை. உலைக் கதவில் சுட்டுக்கொண்ட தழும்பு மணிக்கட்டில் அப்படியே இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஏன் அம்மணி, உன்னைய எம்.இ. படிக்க வெச்சது கட்டை தள்ளறதுக்கா?” என்று கேட்டாள். எரிச்சலாக வந்தது. அம்மா மேல் இல்லை.

கோவித்துக்கொண்டு வந்தவள்தான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நீங்கள் காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவீர்கள். பகலில் கட்டை போட யார் இருக்கிறார்கள்? வீடு சில்லிட்டுக் கிடக்குமே என்று நினைத்துக்கொள்கிறேன். ஜனவரியில் வரலாம் என்று இருக்கிறேன். என் கஷ்டம் புரிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

உங்கள்
சாய்ப்ரியா

வெர்மான்ட்,
30.11.2024

அன்புள்ள ப்ரியா கண்ணு,

உன் கடிதம் பார்த்ததும் உயிர் வந்தது. ஜனவரி 18க்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இருக்குமா? நன்றாகவே புரிந்தது. என்னைப் பற்றிக் கவலையே படாதே. நீ இல்லாததால் கட்டை போட ஆளில்லை, அதனால் இந்த வருடம் கரண்டையே போட்டு விட்டுவிட்டேன். சுவிட்சைத் தட்டினதோடு சரி, பேஸ்மென்ட் பக்கமே போகவில்லை. வீடு கதகதப்பாக இருக்கிறது.

நீ வந்ததும் மறுபடி உலையைப் பற்ற வைத்துவிடலாம். நீ தூக்கச் சிரமப்படக் கூடாதென்று விறகையெல்லாம் சின்னச் சின்னதாகப் பிளந்து கொல்லையில் அடுக்கியிருக்கிறேன். காந்திபுரத்தில் நல்ல தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கி வா, கை சுடாது. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

ஆசையுடன்,
வம்சி

சரவணம்பட்டி,
17.12.2024

ஏனுங்க,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது டிக்கெட்டும் கையுறையும்தான் கண்ணில் பட்டன. அவ்வளவு சந்தோஷம். கையுறை வாங்க டவுன் பஸ் ஏறி, உட்கார இடம் கிடைத்ததும்தான் நிதானமாகப் படித்தேன்.

நான் இருந்தால் கட்டை, நீங்கள் மட்டும் இருந்தால் கரண்டா? காய்ச்சலில் கிடந்த எனக்காக ஒரு நாள் தட்டாத சுவிட்சை, உங்களுக்கென்றதும் தட்டிவிட்டீர்கள். அதை என்னிடம் மறைக்க வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது. ஒரு பொய் சொல்லியிருந்தால் நானும் நம்பி வந்து தொலைத்திருப்பேன்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். “ஏன் கண்ணு, கையுறை வாங்கலயா?” என்றாள் அம்மா. “தேவைப்படலீங்கம்மா” என்றேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். வீடு கதகதப்பாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும், கரண்டை அணைக்க வேண்டாமுங்க.

சாய்ப்ரியா